கீபோர்டில் இனிக்கிற மெட்டு ஐந்து பித்தளை வாத்தியங்களில் ஏன் கலங்குகிறது?

கேள்வியின் சுருக்கம் இது: "எங்கள் சர்ச்சில் இரண்டு டிரம்பெட், ஒரு ஹார்ன், ஒரு டிராம்போன், ஒரு டியூபா என்று ஐந்து பேர் வாசிக்கிறோம். கிறிஸ்துமஸ் ஆராதனைக்காகக் கீபோர்டில் 48 பார் மெட்டு ஒன்றை அமைத்து, கம்ப்யூட்டரில் ஐந்து பார்ட்டாகப் பிரித்துக் கொடுத்தேன். கம்ப்யூட்டரில் போட்டுக் கேட்டால் அருமையாக இருக்கிறது. வாசித்தால் கோர்டுகள் கலங்கலாக இருக்கின்றன, பாதி வழியிலேயே டிரம்பெட்காரர்கள் உதட்டைத் தடவுகிறார்கள், ஹார்ன் சுரம் தப்புகிறது. எங்கே பிழை?"

ஐந்து பார்ட்டும் ஒன்றாக எழுதிய ஸ்கோரைப் பார்த்தேன். மெட்டு நன்றாகவே இருக்கிறது. அதை ஐந்தாகப் பிரித்த விதத்தில்தான் கோளாறு. நீங்கள் விரலுக்கு எழுதியிருக்கிறீர்கள், வாசிப்பது உதடும் மூச்சும். பித்தளை வாத்தியத்துக்கு எழுத வருகிறவர்கள் எல்லாருமே முதலில் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். இருபது வருஷமாக டிராம்போன் ஊதுகிற நானே, எழுத உட்கார்ந்த புதிதில் மற்ற நாலு வாத்தியங்களும் கீபோர்டு மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடிப்படையை ஒருமுறை பார்த்துவிடுவோம். வால்வு எதையும் அழுத்தாமல் ஒரு டிரம்பெட்டை ஊதினால் வரும் சுரங்கள் நம் காதுக்குப் பழக்கமான வரிசைதான்: ச, ப, மேல் ச, க, ப, கொஞ்சம் இறங்கின நி, அதற்கு மேல் ச. உதட்டை இறுக்க இறுக்க ஒவ்வொன்றாக மேலே ஏறும். கீழே படிகளுக்கு நடுவே பெரிய இடைவெளி, மேலே போகப் போகப் படிகள் நெருங்கிவிடும். வால்வே இல்லாத பியூகிள் என்ற ஊதுகொம்பில் இவ்வளவுதான் உண்டு. 1810களில் ஜெர்மனியில் ஷ்டோல்ட்செல், புளூமெல் என்ற இருவர் வால்வைக் கொண்டுவந்த பிறகுதான் நடுவில் உள்ள சுரங்களும் கிடைத்தன. நடு வால்வு அரைச் சுரம் இறக்கும், முதல் வால்வு ஒரு சுரம், மூன்றாவது ஒன்றரை. ஆனால் வால்வு குழாயை நீட்டிக் கொடுப்பதோடு சரி. அந்த நீளத்தில் எந்தப் படியில் ஏறி நிற்பது என்பதை முடிவு செய்வது இன்றைக்கும் உதடுதான்.

ஹார்ன் தப்புவதற்குக் காரணமும் இதிலேயே இருக்கிறது. பி ஃபிளாட் டிரம்பெட்டின் குழாய் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். எஃப் ஹார்னைச் சுருள் பிரித்து நீட்டினால் மூன்றே முக்கால் மீட்டருக்குப் பக்கத்தில் வரும். அவ்வளவு நீளமான குழாயை வைத்துக்கொண்டு டிரம்பெட்டுக்குக் கொஞ்சம் கீழேயே அது வாசிக்க வேண்டியிருக்கிறது. அதாவது ஹார்ன்காரர் எப்போதும் ஏணியின் மேல் பகுதியில், படிகள் நெருங்கிய இடத்தில்தான் நடமாடுகிறார். ஒரு மயிரிழை பிசகினால் பக்கத்துப் படியில் கால் விழும். நீங்களோ 17ஆவது பாரில் நாலு பார் மௌனத்துக்குப் பிறகு அவரைத் திடீரென்று மேல் ஸ்தாயியில், அதுவும் சன்னமான சத்தத்தில், தனியாக நுழையச் சொல்லியிருக்கிறீர்கள். உலகத்தின் பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்களிலும் அந்த இடத்தில் சுரம் உடையும். அதே சுரத்தை அவருக்கு முன்னால் இரண்டாவது டிரம்பெட் பிடித்திருந்தால், அல்லது ஹார்ன் கீழிருந்து இரண்டு மூன்று படியாக ஏறி வந்து அதைத் தொட்டால், அவர் தப்பவே மாட்டார். ஆளைத் திட்டுவதற்கு முன் பார்ட்டைத் திருத்துங்கள்.

சரி, கலங்கலுக்கு வருவோம்.

உங்கள் இடது கை கீழே ச-க-ப என்று நெருக்கமாகப் பிடித்த கோர்டை அப்படியே டியூபா, டிராம்போன், ஹார்ன் என்று இறக்கியிருக்கிறீர்கள். கீபோர்டில் சத்தம் சீக்கிரம் தேய்ந்துவிடுவதால் இந்த நெருக்கம் பொறுத்துக்கொள்ளும்படி இருக்கும். பித்தளையில் ஒவ்வொரு சுரமும் தன் மேல் படிகளையும் கூடவே முழங்கிக்கொண்டிருக்கும். கீழ் ஸ்தாயியில் காந்தாரம் வந்தால் அந்த மேல் படிகள் ஒன்றோடு ஒன்று மோதும். கூழ் கரைத்த மாதிரி இருக்கும்.

ஆறரைக் கட்டையில், அதாவது பி ஃபிளாட்டில், ஒரு மேஜர் கோர்டை அடுக்கிப் பார்ப்போம். டியூபாவுக்குக் கீழே ஆதார ச. டிராம்போனுக்கு நடு சி-க்குக் கீழே இருக்கும் எஃப், அது ப. ஹார்னுக்கு நடு சி-க்குப் பக்கத்து டி, அது க. இரண்டாவது டிரம்பெட்டுக்கு அதன் மேல் எஃப், மறுபடியும் ப. முதல் டிரம்பெட்டுக்கு அதற்கு மேல் பி ஃபிளாட், ச. கீழே அகலம், மேலே நெருக்கம். முன்னே சொன்ன ஏணியும் இதே வடிவம்தான். டியூபாவின் சுரத்தை ஒன்று என்று வைத்தால் மற்ற நால்வரும் 3, 5, 6, 8 ஆவது படிகளில் நிற்கிறார்கள். டியூபாவுக்குள் ஏற்கெனவே மெலிதாக ஒலிக்கிறதைத்தான் அவர்கள் எடுத்துச் சத்தமாகச் சொல்கிறார்கள். பி ஃபிளாட் டியூபாவாக இருந்தால் இதில் டிரம்பெட் இரண்டும் டியூபாவும் ஒரு வால்வும் அழுத்த வேண்டாம், டிராம்போனின் ஸ்லைடு (இழுக்கும் குழாய்) முழுக்க உள்ளே இருக்கும். அடுத்த ஒத்திகையில் இந்த ஒரு கோர்டை மட்டும் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஐந்து பேர்தானா என்று திரும்பிப் பார்ப்பீர்கள்.

காந்தாரத்தை ஹார்னிடம் கொடுத்ததற்கும் காரணம் உண்டு. கீபோர்டின் காந்தாரம் சற்றுத் தூக்கலானது. ஒரு அரைச் சுரத்தை நூறு பங்காக்கினால், சுத்தமாகச் சேர்கிற காந்தாரம் அதைவிட 14 பங்கு கீழே இருக்கிறது. தம்புராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பழகின காதுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தந்தி மீட்டினால் ச, ப-வோடு கூட ஒரு க தானாகவே கேட்கும் இல்லையா, அதுதான் சுத்தமான காந்தாரம். ஹார்ன்காரர் வாத்தியத்தின் அகன்ற வாய்க்குள் வைத்திருக்கும் கையைக் கொஞ்சம் அசைத்தாலே அந்தப் பதினாலு பங்கு இறங்கிவிடும். டிராம்போன்காரர் ஸ்லைடை ஒரு விரல் அகலம் நகர்த்துவார். டிரம்பெட்டுக்குத்தான் அந்தச் சௌகரியம் குறைவு. அதனால் 'க' வருகிற இடங்களில் யாருக்கு அது போகிறது என்று பார்த்து எழுதுங்கள். அதை இரண்டு பேருக்குக் கொடுக்காதீர்கள், ஒருவர் போதும்.

சத்தத்தின் அளவையும் கவனிக்க வேண்டும். ஹார்னின் வாய் பின்பக்கம் பார்க்கிறது, டிரம்பெட்டின் வாய் நேரே கேட்பவர் முகத்துக்கு. மெதுவாக வாசிக்கும்போது எல்லாரும் சமம். ஓங்கி வாசித்தால் ஒரு டிரம்பெட்டுக்கு இரண்டு ஹார்ன் வேண்டும் என்பது ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதுகிறவர்களின் பழைய கணக்கு. ரஷ்யக் கடற்படை பேண்டுகளுக்கு 1873 முதல் பதினோரு வருஷம் மேற்பார்வையாளராக இருந்த இசையமைப்பாளர் ரிம்ஸ்கி-கோர்சக்கோவும் இதையே சொல்லியிருக்கிறார். உங்களிடம் இருப்பது ஒரே ஹார்ன். ஆகவே மற்றவர்களுக்கு எம்எஃப் (நடுத்தரச் சத்தம்) போட்டால் ஹார்னுக்கு எஃப் (ஓங்கிய சத்தம்) போடுங்கள். மெட்டு ஹார்னிடம் இருக்கும்போது டிரம்பெட்டுகளை வாயை மூடிக்கொண்டு இருக்கவிடுவது இன்னும் நல்லது.

அப்புறம் கட்டை. மூன்று கட்டையில், ஈ மேஜரில் எழுதியிருக்கிறீர்கள். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பொத்தான் இருப்பதால் உங்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை. ஆனால் டிரம்பெட்டும் ஹார்னும் எழுதியதைவிடக் கீழே ஒலிக்கிற வாத்தியங்கள். அதனால் பி ஃபிளாட் டிரம்பெட்டின் பார்ட்டை ஒரு முழுச் சுரம் மேலே எழுத வேண்டும், ஹார்னுக்கு ஒரு பஞ்சமம் மேலே. ஆக உங்கள் ஈ மேஜர் டிரம்பெட்காரரிடம் போய்ச் சேரும்போது ஆறு ஷார்ப், ஹார்னுக்கு ஐந்து ஷார்ப். விரல் திருகிக்கொள்ளும். அரைக் கட்டை இறக்கி இரண்டரைக் கட்டைக்கு, ஈ ஃபிளாட்டுக்குக் கொண்டுவாருங்கள். டிரம்பெட் எஃப் மேஜரில் வாசிக்கும், ஹார்ன் பி ஃபிளாட்டில் வாசிக்கும். சபையார் கூடப் பாடுவதாக இருந்தாலும் அரைக் கட்டை இறங்கினால் நன்றிதான் சொல்வார்கள். நாலு கட்டை, ஆறரைக் கட்டை, இரண்டரைக் கட்டை மூன்றும் பித்தளைக்குச் சொந்த வீடு மாதிரி.

இனி உதடு. உங்கள் 48 பாரில் முதல் டிரம்பெட்டுக்கு மௌனம் எத்தனை பார் தெரியுமா? நான் எண்ணினேன். இரண்டு! வயலின்காரர் அரை மணி நேரம் இழுத்துக்கொண்டே இருக்கலாம். உதடு ஒரு சின்னத் தசை. மவுத்பீஸ் அதை அழுத்திக்கொண்டே இருந்தால் ரத்த ஓட்டம் குறைந்து மரத்துவிடும், எடுத்து இரண்டு மூச்சு விட்டால் திரும்ப உயிர் வரும். ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் இசையமைப்பாளர் பாக் எழுதிய கடினமான டிரம்பெட் பார்ட்டுகளை வாசித்தவர் கோட்ஃப்ரீட் ரைஹே. 1734 அக்டோபரில் ஒரு திறந்தவெளி ராத்திரிக் கச்சேரியில் வாசித்துவிட்டு, மறுநாள் தெருவில் விழுந்து இறந்துபோனார். முந்தின நாள் ஊதின சிரமமும் தீவட்டிப் புகையும்தான் காரணம் என்று அந்தக் காலத்து ஊர்க் குறிப்பு எழுதி வைத்திருக்கிறது. உங்கள் ஆட்களுக்கு அவ்வளவு ஆபத்தில்லை, ஆனாலும் பார்த்துச் செய்யுங்கள்.

என் கணக்கு இது: யாராக இருந்தாலும் மொத்த பாரில் மூன்றில் ஒரு பங்காவது வாத்தியத்தை இறக்கி மடியில் வைத்திருக்க வேண்டும். ஐவர் இருக்கிறார்கள் என்பதற்காக ஐவரும் எப்போதும் வாசிக்க வேண்டும் என்று விதியில்லை. மூன்று பேர் வாசித்தால் இசை காலியாகக் கேட்காது, நிறம்தான் மாறும். வெனிஸில் இசையமைப்பாளர் கப்ரியேலி 1597இல் அச்சிட்ட 'சொனாட்டா பியான் எ ஃபோர்ட்டே' எட்டு வாத்தியங்களுக்கானது. அவற்றை நாலு நாலாக இரண்டு அணியாகப் பிரித்து, ஒரு அணி கேட்க மறு அணி பதில் சொல்கிற மாதிரி எழுதினார். எட்டும் சேர்ந்து முழங்குகிற இடங்களை அவர் சிக்கனமாகவே வைத்திருக்கிறார், வரும்போது சிலிர்க்கிறது. உங்கள் ஐவரையும் அப்படிப் பிரிக்கலாம். டிரம்பெட் இரண்டும் ஹார்னும் ஓர் அணி, ஹார்ன், டிராம்போன், டியூபா இன்னோர் அணி. ஹார்ன் இரண்டு பக்கமும் சேரும். வசனமும் மறுவசனமுமாகப் பாடுகிற சர்ச் மெட்டுக்கு இது தானாகப் பொருந்தும்.

இரண்டு டிரம்பெட்டில் முதல்வருக்கே எப்போதும் மேல் சுரம் என்பதையும் விட்டுவிடுங்கள். எட்டு பாருக்கு ஒருமுறை மாற்றிக் கொடுங்கள். கேட்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

டியூபாவுக்கு உதட்டைவிட மூச்சுதான் பிரச்சினை. இதில் நான் பட்ட அவமானத்தைச் சொல்கிறேன். முதன்முதலில் ஐவருக்கு எழுதியபோது, தம்புரா மாதிரி இருக்கட்டுமே என்று டியூபாவுக்கு எட்டு பார் கீழ் ச ஒன்றைக் கட்டி எழுதினேன். நிமிடத்துக்கு 60 துடிப்பு, பாருக்கு நாலு. 32 வினாடி! டியூபா வாசித்த பெரியவர் பார்ட்டைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "தம்பி, நடுவுல நான் மூச்சு விட்டுக்கலாமா, இல்ல நேரா பரலோகந்தானா?" என்றார். கீழ் ஸ்தாயியில் பலமாக ஊதும்போது டியூபா காற்றைக் குடித்துத் தீர்த்துவிடும், நாலைந்து வினாடிக்கு மேல் ஒரு மூச்சு தாங்காது. மெதுவாக வாசித்தால் இரண்டு மடங்கு கிடைக்கலாம். அதனால் நீண்ட ஆதாரச் சுரம் வேண்டுமானால் டியூபாவும் டிராம்போனும் மாறி மாறிப் பிடிக்கட்டும், அல்லது டியூபாவுக்குத் துடிப்புத் துடிப்பாக, இடையில் ஓட்டை விட்டு எழுதுங்கள். மூச்சு எடுக்கும் இடத்தை நீங்களே கமா போட்டுக் குறித்துக்கொடுங்கள். குறிக்காவிட்டால் அவர் எங்கேயாவது எடுக்கத்தான் போகிறார், அது வாக்கியத்தின் நடுவில் இருக்கும்.

கம்ப்யூட்டர் பிளேபேக்கை நம்பாதீர்கள் என்று சொல்வதும் இதற்காகத்தான். மியூஸ்ஸ்கோர் என்ற இசை எழுதும் மென்பொருளில் எழுதி அச்செடுங்கள், அருமையான கருவி, இலவசம். ஆனால் அதற்கு நுரையீரல் கிடையாது. எழுதியதைச் சோதிக்க நான் செய்வது, ஒவ்வொரு பார்ட்டையும் கையால் தாளம் போட்டுக்கொண்டு நானே வாய்விட்டுப் பாடுவது. எனக்கு எங்கே மூச்சு முட்டுகிறதோ அங்கே ஊதுகிறவருக்கும் முட்டும்.

டிராம்போனுக்குக் கமகம் மாதிரி இழைவு எழுதியிருப்பது நல்ல யோசனை, இந்த ஐந்தில் அதைச் செய்ய முழுசாக ஏற்பட்ட வாத்தியம் அதுதான். ஆனால் 25ஆவது பாரில் ச-விலிருந்து மேலே ப வரை ஒரே இழுப்பாக எழுதியிருக்கிறீர்கள், அது நடக்காது. ஸ்லைடில் ஏழு நிலை, அதாவது முழுக்க உள்ளேயிருந்து முழுக்க வெளியே வரை ஆறு அரைச் சுரம். பஞ்சமம் ஏழு அரைச் சுரம். ஒரே ஒரு அரைச் சுரம் குறைகிறது. ரி-யிலிருந்து ப வரைக்கும் இழுக்கலாம், அதுவும் இரண்டு சுரமும் ஏணியின் ஒரே படியில் கிடைக்கும் இடமாகப் பார்க்க வேண்டும். இன்னொன்று, எழுத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் சுரங்கள் கையில் பக்கத்தில் இருப்பதில்லை. பாஸ் கிளெஃபில் (கீழ்ச் சுரங்களுக்கான ஐந்து கோட்டில்) கீழிருந்து இரண்டாவது கோட்டில் உட்காரும் பி ஃபிளாட் முதல் நிலை, அதற்கு அடுத்த பி ஏழாவது நிலை. காகிதத்தில் அரைச் சுரம், கையில் ஒரு முழம். கட்டை விரல் வால்வு வைத்த டிராம்போனாக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை, உங்கள் ஆளிடம் எது இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வேகமான சுரங்களுக்குப் பயப்பட வேண்டாம். ஒரே சுரத்தை டு-கு-டு-கு என்று நாக்கால் வெட்டி வெட்டி டிரம்பெட் அநாயாசமாக வாசிக்கும், மூன்று மூன்றாக வந்தால் டு-டு-கு. சொற்கட்டு சொல்லிப் பழகினவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். டியூபாவும் நீங்கள் நினைப்பதைவிடச் சுறுசுறுப்பானது. உம்-பா, உம்-பா என்று அதை மாட்டு வண்டி ஆக்கிவிடாதீர்கள்.

வாத்தியத்தின் வாயில் செருகிச் சத்தத்தை அடக்குகிற மியூட் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் 29ஆவது பாரில் போட்டிருப்பதால் சொல்கிறேன். மியூட்டை எடுத்து, செருகி, லேசாகத் திருகி, வாத்தியத்தை வாய்க்குக் கொண்டுவர நாலைந்து வினாடி ஆகும். நீங்கள் கொடுத்திருப்பது ஒன்றரைத் துடிப்பு. இப்படி அவசரத்தில் செருகின மியூட் ஒன்று, எங்கள் கச்சேரியில் மிக மெதுவான இடத்தில் கழன்று விழுந்து, சிமெண்டுத் தரையில் எவர்சில்வர் டம்ளர் மாதிரி உருண்டுகொண்டே போனது. யாரும் எழுந்து எடுக்கவில்லை. அது நிற்கும்வரை காத்திருந்தோம்.

என்ன கேட்கலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். மூன்று பெயர் போதும். ரஷ்யாவின் விக்டர் எவால்ட் (1860–1935) தொழிலால் சிவில் இன்ஜினியர், பேராசிரியர், செல்லோ வாசிப்பவர். ஐவர் பித்தளைக்கு அவர் எழுதியவை இன்றுவரை இந்தக் குழுக்களின் அன்றாடச் சாப்பாடு. அவர் மனத்தில் இருந்தது இன்றைய டிரம்பெட்டும் பிரெஞ்சு ஹார்னும் அல்ல, கார்னெட்டும் ஆல்ட்டோ ஹார்னும். ஆகவே உங்கள் ஹார்ன்காரர் வராத ஞாயிற்றுக்கிழமையில் ஆல்ட்டோ ஹார்னையோ யூஃபோனியத்தையோ வைத்து வாசிப்பது குற்றமில்லை, பார்ட்டை மட்டும் அந்த வாத்தியத்துக்கு மாற்றி எழுதிவிடுங்கள். அடுத்தது மால்கம் ஆர்னால்ட் 1961இல் ஐவர் பித்தளைக்கு எழுதிய குவின்டெட். லண்டன் ஃபில்ஹார்மானிக்கில் தலைமை டிரம்பெட்டாக இருந்தவர், உதட்டுக்கு எங்கே ஓய்வு வேண்டும் என்று அனுபவித்துத் தெரிந்தவர். ஸ்கோரைக் கையில் வைத்துக்கொண்டு யார் எப்போது சும்மா இருக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள், பாதி பாடம் அதில் இருக்கிறது. மூன்றாவது பூலாங்க் 1922இல் ஹார்ன், டிரம்பெட், டிராம்போன் மூன்றுக்கு மட்டும் எழுதிய சொனாட்டா. மூன்று பேர் வாசித்தால் எவ்வளவு குறும்பு செய்ய முடியும் என்பது தெரியும்.

இப்போது உங்கள் கடைசி 16 பார். 33 முதல் 40 வரை ஐவரும் முழு பலத்தில் வாசிக்கிறார்கள், அதன் தலையில் 41 முதல் 48 வரை இன்னும் பலமாக. ஏற்கெனவே உச்சியில் நிற்பவரை மேலே ஏறச் சொன்னால் எங்கே போவார்? 33இல் டிரம்பெட் இரண்டையும் இறக்கிவிடுங்கள். மெட்டை ஹார்னுக்குக் கொடுத்து, டிராம்போன் கீழே எதிர்மெட்டு, டியூபா துடிப்பு மட்டும், எல்லாம் சன்னமான சத்தத்தில். 39இல் இரண்டாவது டிரம்பெட் நுழையட்டும், 41இல் முதல் டிரம்பெட்.

கடைசிக் கோர்டில் முதல் டிரம்பெட்டின் பார்ட்டில் மேல் சி ஷார்ப் எழுதி நாலு பார் பிடிக்கச் சொல்லியிருக்கிறீர்கள். ஈ ஃபிளாட்டுக்கு இறக்கினால் அது மேல் சி ஆகும், அப்போதும் ஆராதனை முடிகிற நேரத்தில் யாரிடமும் கேட்கக் கூடாத சுரம் அது. முன்னே சொன்ன அடுக்கையே இங்கேயும் வையுங்கள்: டியூபாவுக்கு ச, டிராம்போனுக்கு ப, ஹார்னுக்கு க, இரண்டாவது டிரம்பெட்டுக்கு ப, முதல் டிரம்பெட்டுக்கு மேல் ச. முதல் டிரம்பெட்டின் பார்ட்டில் அது ஐந்தாவது கோட்டின் எஃப்பாக வரும், நிம்மதியாகப் பிடிப்பார். அந்த மேல் சி-யை விட மனசில்லை என்றால் அடைப்புக்குறிக்குள் சின்னதாக எழுதி வையுங்கள். அன்றைக்கு உதடு எப்படி இருக்கிறதோ பார்த்து அவரே முடிவு செய்துகொள்வார்.